வண்டிக்காரரைக் கேளுங்க: மலையேறுற ஜீப்புக்கு எந்த ஃபாக் லைட்?

ஐப்பசி பொறந்தா போதும், மலைப்பக்கத்துலருந்து வர்ற கடுதாசி எல்லாமே மிஸ்ட்டை, அதாவது பனிமூட்டத்தைப் பத்திதான். இந்தத் தடவை வந்ததுல பாதிக்கு மேல ஃபாக் லைட், அதாவது மிஸ்ட்ல ரோடு தெரியறதுக்குப் போடற விளக்கு பத்தின கேள்வி, அதுவும் தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜீப்புன்னு நாலு வீல்லயும் இழுக்குற வண்டிக்காரங்க கேட்டது. அதனால மைலேஜ் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், மழை முடியறதுக்குள்ள சொல்லிடணும்.

கொடைக்கானல் பூம்பாறையிலருந்து ஒரு வாசகர்: அண்ணே, பூண்டுத் தோட்டத்துக்குப் போகவர பழைய தார் வச்சிருக்கேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கே மேகம் இறங்கிடுது, ஹெட்லைட் போட்டா முன்னாடி வெள்ளைச் சுவரு கட்டுன மாதிரி ஆயிடுது, பிரைட் அடிச்சா இன்னும் மோசம். ரூஃப் மேல பெரிய எல்இடி பார் போட்டா கிழிச்சுக்கிட்டு தெரியும்னு கூட்டாளி சொல்றான். போடலாமா?

தம்பி, வேணாம். அந்தக் காசை அப்படியே பையில வச்சுக்கோங்க, கீழ சொல்ற லைட்டுக்கு அதுல பாதி போதும்.

மிஸ்ட்டுங்கறது புகை இல்ல, பொடிப்பொடியா தொங்குற தண்ணித் துளி. ஒவ்வொரு துளியும் ஒரு மில்லிமீட்டரை நூறா பிரிச்சா அதுல ஒண்ணு ரெண்டு பங்குதான் இருக்கும், தலைமுடித் தடிமனை விட ரொம்பச் சின்னது, ஆனா கோடிக்கணக்குல கிடக்கு. நீங்க அடிக்கிற வெளிச்சம் ஒவ்வொரு துளியிலயும் பட்டு எல்லா பக்கமும் சிதறும், அதுல ஒரு பங்கு திரும்பி உங்க கண்ணுக்கே வரும், அதுதான் நீங்க சொல்ற வெள்ளைச் சுவரு. அப்ப வெளிச்சத்தைக் கூட்டுனா சுவருதான் இன்னும் வெளுக்கும், ரோடு தெரியாது. உங்க கூட்டாளி சொல்ற ரூஃப் பார்ல இன்னொரு வம்பு இருக்கு, அது உங்க கண்ணுக்கு நேர் மேல உக்காந்துக்கிட்டு நீங்க பாக்குற அதே கோட்டுலதான் வெளிச்சத்தை விடும், அதனால கண்ணுக்கு முன்னாடி இருக்குற அத்தனை துளியும் வெளிச்சமாயிடும். போதாக்குறைக்கு பானெட்ல பட்டு அந்தப் பளபளப்பும் கண்ணுல அடிக்கும். வறண்ட மணல்ல, ஆள் நடமாட்டமில்லாத வெட்டவெளியில ராத்திரி ஓட்டுறவனுக்கு அந்த பார் உதவும், பூம்பாறை ரோட்டுல மேகம் இறங்குன நேரத்துல உதவாது.

ஃபாக் லைட் செய்யறது இதுக்கு நேர் எதிர் வேலை. பம்பர்ல கீழ உக்காரும், வெளிச்சம் அகலமா விசிறி மாதிரி ரெண்டு ஓரத்துக்கும் விரியும், மேல்பக்கம் கத்தியில வெட்டுன மாதிரி ஒரு கோட்டோட நின்னுடும், அந்தக் கோட்டுக்கு மேல வெளிச்சமே கிடையாது. அதனால உங்க கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற மிஸ்ட்ல பெரும்பகுதி இருட்டாவே கிடக்கும், அடியில ரோடு மட்டும் வெளிச்சமா தெரியும். கீழ் மட்டத்துல மிஸ்ட் கம்மியா இருக்கும், அதுக்குத்தான் கீழ வைக்கிறாங்கன்னு நிறைய பேரு சொல்வாங்க, நம்ம மலையில அப்படி இல்ல, ரோட்டு மேலயே மேகம் படுத்துக் கிடக்கும், உங்களுக்குத் தெரியாததா. வெளிச்சம் போற கோடும் கண்ணு பாக்குற கோடும் விலகி இருக்கணும், கீழ வைக்கிறதுல இருக்குற சூட்சுமம் அதுதான். கூடுதலா ஒரு லாபமும் உண்டு, தாழ்வா வர்ற வெளிச்சத்துல சின்னக் குழிக்கும் கல்லுக்கும்கூட நீளமா நிழல் விழும், மண் ரோட்டுல தோட்டத்துக்கு இறங்குறப்ப அந்த நிழலை வச்சே பள்ளத்தோட ஆழத்தை அளந்துடலாம்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஃபாக் லைட் தூரத்தைக் காட்டாது, ஓரத்தைக் காட்டும். வெள்ளைக் கோடு, பாறை, தடுப்புச் சுவரு, ஓடை விளிம்பு இதுதான் தெரியும், முன்னாடி ஒரு 10, 15 மீட்டர். அந்த தூரத்துக்குள்ள நிக்கிற வேகத்துல போறதுதான் வேகம்.

குன்னூர்லருந்து ஒரு வாசகி: மஞ்சள் லைட்தான் மிஸ்ட்டைக் கிழிக்கும்னு எங்க எஸ்டேட் டிரைவர் அண்ணன் சொல்றார், என் பையன் வெள்ளை எல்இடிதான் வெளிச்சம் ஜாஸ்திங்கறான். யார் சொல்றது சரி?

ரெண்டு பேர்கிட்டயும் பாதி பாதி சரி இருக்கும்மா, ஆனா வாங்குறப்ப டிரைவர் அண்ணன் பேச்சைக் கேளுங்க.

மஞ்சளுக்கு மிஸ்ட்டைத் துளைக்கிற தனி சக்தி எதுவும் கிடையாது. வானம் நீலமா தெரியறதுக்கு காத்துல இருக்குற ரொம்ப ரொம்பச் சின்ன மூலக்கூறு காரணம், அங்க நீலம் ஜாஸ்தி சிதறும். மிஸ்ட்டுத் துளி அந்த மாதிரி இல்ல, வெளிச்சத்தோட அலைநீளத்தை விட பல மடங்கு பெருசு, அதனால நீலம் மஞ்சள் சிவப்பு எல்லாத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சிதறடிக்கும். மிஸ்ட் வெள்ளையா தெரியறதே அதனாலதான், ஒரு நிறத்தை மட்டும் சிதறடிச்சிருந்தா அந்த நிறத்துல தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் ஏன் மஞ்சள்னா, கண்ணுக்காக. நீலம் கலந்த வெளிச்சம் திரும்பி வந்து கண்ணுல படறப்ப கூசும், கண்ணு சீக்கிரம் களைச்சுப் போகும். நீலத்தை எடுத்துட்டா மிச்சம் இருக்குறது மஞ்சள், அதைப் பார்த்துக்கிட்டே ரெண்டு மணி நேரம் வளைவு ஓட்டுறது வெள்ளையை விட சுகம். பிரான்ஸ்ல 1936லருந்து 1993 வரைக்கும் கார் ஹெட்லைட்டே மஞ்சளாத்தான் இருக்கணும்னு சட்டம் வச்சிருந்தாங்க, கண்கூச்சம் குறையும்னுதான். மழையில நனைஞ்ச தார் ரோட்டுலயும் மஞ்சள் வெளிச்சத்துல வெள்ளைக் கோடு நல்லா பிரிஞ்சு தெரியறதா மலை டிரைவர்கள் எல்லாரும் சொல்வாங்க, என் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியுது.

எல்இடி வாங்குனா டப்பாவுல கெல்வின்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். 3000 கெல்வின்னா மஞ்சள், 4300 பக்கம்னா பால் வெள்ளை, 6000, 6500னா நீலம் கலந்த வெள்ளை. நம்பர் கூடக்கூட வெளிச்சம் கூடும்னு கடையில சொன்னா நம்பாதீங்க, அது நிறத்தோட கணக்கு, வெளிச்சத்தோட கணக்கு இல்ல. உங்க பையன் 6500 எடுத்துட்டு வந்தா திருப்பிக் கொடுத்து 3000 வாங்கிட்டு வரச் சொல்லுங்க. இன்னொண்ணு, வெள்ளை லைட் கண்ணாடி மேல மஞ்சள் பேப்பர் ஒட்டுறாங்க பாருங்க, அதுல வெளிச்சம் கணிசமா போயிடும், வெயில்ல அது சுருங்கி கறையாவும் ஆயிடும், அது வேண்டாம்.

மேகமலை அடிவாரம் சின்னமனூர்லருந்து ஒரு வாசகர்: கடையில போனா 500 ரூபாயிலருந்து 15,000 வரைக்கும் அடுக்கி வச்சிருக்காங்க. எதைப் பார்த்து வாங்கறது?

வாட்ஸையும் லூமனையும் (வெளிச்சத்தோட அளவு) பார்த்து வாங்காதீங்க, மொதல்ல இதைச் சொல்லிடறேன். விலை கம்மி எல்இடி டப்பாவுல 20,000 லூமன், 300 வாட்ஸ்னு அடிச்சிருப்பாங்க, உள்ள இருக்குற சிப்போட காகிதக் கணக்கைக் கூட்டிப் போட்டது அது, வெளிய வர்ற வெளிச்சம் அதுல கொஞ்சம்தான். கையில எடுத்துப் பாருங்க, முதுகுல சூட்டை இறக்குற அலுமினியம் தகடு (ஃபின்) ஒண்ணும் இல்லாம தக்கை மாதிரி இருந்தா அது 300 வாட்ஸ் சூட்டைத் தாங்கவே தாங்காது, பத்து நிமிஷத்துல மங்கிடும்.

கண்ணாடியைத் திருப்பிப் பாருங்க. வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் ஈ (E) எழுத்தும் பக்கத்துல ஒரு நம்பரும் பொறிச்சிருந்தா அது ஐரோப்பாவுல அப்ரூவல் வாங்குன லைட், அந்த நம்பர் எந்த நாட்டுல வாங்குனாங்கங்கறதைக் காட்டும், 1னா ஜெர்மனி, 2னா பிரான்ஸ், 4னா நெதர்லாந்து. அது கூட பி (B) எழுத்தோ எஃப்3 (F3)ன்னோ இருந்தா ஃபாக் லைட்டாவே சோதிச்சதுன்னு அர்த்தம். அமெரிக்க கணக்குல எஸ்ஏஇ ஜே583ன்னு எழுதியிருக்கும், அதுல எஃப்னு இருந்தா ஃபாக் லைட். இந்த முத்திரையையும் போலியா அடிக்கிறவங்க உண்டு, அதனால முத்திரை பார்த்ததோட விடாம கடைக்காரர்கிட்ட பேட்டரியில கொடுத்து சுவத்துல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க, ரொம்ப முக்கியம் இது. மேல பளிச்சுன்னு ஒரு நேர்கோடு விழுந்து அதுக்கு மேல இருட்டா இருக்கணும். நடுவுல ஒரு வட்டமா குவிஞ்சு விழுந்தா அது ஸ்பாட் லைட், கோடே இல்லாம சுவரு பூரா பரவுனா அது ஒர்க் லைட், வயல்ல டிராக்டருக்குப் போடறது. நம்ம ஊர்ல ஃபாக் லைட்டுன்னு விக்கிறதுல பாதி இந்த ரெண்டுல ஒண்ணுதான்.

ஹாலஜனா எல்இடியான்னு அடுத்து கேப்பீங்க. 55 வாட்ஸ் ஹாலஜன் ஜோடி மலிவு, பல்பு எந்த ஊர்லயும் கிடைக்கும், சூட்டுல கண்ணாடி மேல ஒட்டுன ஈரம் காஞ்சிடும், அதனால பழைய ஜீப்புக்கு நான் இன்னும் அதைத்தான் சொல்வேன். எல்இடி கரண்ட் கம்மி இழுக்கும், அதிர்ச்சி தாங்கும், கல்லு ரோட்டுல ஹாலஜன் ஃபிலமெண்ட் அத்துப்போற தொல்லை இல்ல. ஆனா ஹாலஜனுக்குன்னு செஞ்ச ஃபாக் லைட் கூட்டுக்குள்ள எல்இடி பல்பை மட்டும் மாட்டாதீங்க. அந்த ரிஃப்ளெக்டர், ஃபிலமெண்ட் உக்கார்ற இடத்தை வச்சு வளைச்சது, எல்இடி சிப் அந்த இடத்துல அந்த மாதிரி உக்காராது, மேல்கோடு குழம்பிப் போய் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். எல்இடி வேணும்னா கண்ணாடியோட சேர்ந்த முழு லைட்டா வாங்குங்க.

தண்ணி உள்ள போகாம எவ்வளவு தாங்கும்னு காட்டுற ஐபி நம்பர் 67 இல்லன்னா 68 போதும். பிராக்கெட் ஸ்டீலா இருக்கணும், தகரமா இருந்தா கல்லு ரோட்டுல ஆடி ஆடி லைட்டு மேல பாக்க ஆரம்பிச்சுடும்.

கம்பத்துலருந்து ஒரு வாசகர்: ஃபிட் பண்றதை நானே செய்யலாம்னு இருக்கேன் சார். ஹெட்லைட் வயர்லருந்தே லைன் எடுத்தா போதும்னு ஒருத்தர் சொன்னார். ரிலே கட்டாயமா?

கட்டாயம். இதுக்கு நான் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா நானே ஒரு தடவை இதுல தப்பிச்சு வந்தவன். அப்ப எங்கிட்ட ஒரு பழைய ஜீப், ஒரு கடையில ஃபாக் லைட் மாட்டிக் கொடுத்தாங்க, நல்லா எரிஞ்சுது, நானும் உள்ள எப்படி இழுத்திருக்காங்கன்னு பாக்கல. ஆழியாறுலருந்து வால்பாறை ஏறுறேன், 40 கொண்டை ஊசி வளைவு, ஒன்பதாவது வளைவு தாண்டுனதும் மிஸ்ட் இறங்கிடுச்சு, லைட்டைப் போட்டு ஒரு இருபது நிமிஷம் போயிருப்பேன், டாஷ்போர்டுக்கு அடியிலருந்து ரப்பர் கருகுற வாசனை, கை வச்சா ஸ்விட்ச் தொட முடியாத சூடு. வண்டியை ஓரங்கட்டி பேட்டரி டெர்மினலைக் கழட்டுனேன், பானெட்டைத் திறந்தா மெலிசு வயர் ஒண்ணு உருகி பக்கத்து வயரோட ஒட்டிப் போயிருக்கு. ரிலே இல்ல, ஃபியூஸ் இல்ல, மொத்தக் கரண்டும் ஸ்விட்ச் வழியா போயிருக்கு. பின் சீட்டுல அன்னிக்கு எங்க அம்மா இருந்தாங்க. அதுக்கப்புறம் என் கையால இழுக்காத வயரை நான் நம்புறதில்ல.

கணக்கு சுலபம்தான். 55 வாட்ஸ் ரெண்டு, மொத்தம் 110 வாட்ஸ், 12 வோல்ட்டால வகுத்தா 9 ஆம்பியருக்கு கொஞ்சம் மேல. இவ்வளவு கரண்டை டாஷ்போர்டு ஸ்விட்சும் ஹெட்லைட் வயரும் சுமக்கறதுக்கு செய்யல. ரிலேங்கறது இந்தக் கரண்டை பேட்டரிலருந்து நேரா லைட்டுக்கு அனுப்புற வேலைக்காரன், ஸ்விட்ச் அவனுக்கு உத்தரவு மட்டும் கொடுக்கும், அந்த உத்தரவுக்கு கால் ஆம்பியர்கூட வேணாம்.

நாலு கால் ரிலே வாங்குங்க, 30 இல்ல 40 ஆம்பியர். அடியில நம்பர் பொறிச்சிருக்கும். 30ங்கற காலுக்கு பேட்டரி பாசிட்டிவ், நடுவுல ஃபியூஸ் வச்சு. 87லருந்து ரெண்டு லைட்டுக்கும். 86க்கு ஸ்விட்ச்லருந்து வர்ற வயர், 85 எர்த், அதாவது வண்டியோட இரும்பு பாடிக்கு. கடைக்காரர் அஞ்சு கால் ரிலே கொடுத்துட்டார்னா நடுவுல 87ஏன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தொடாம விடுங்க, அதுல கொடுத்தா ஸ்விட்ச் ஆஃப்ல இருக்குறப்ப லைட் எரியும்.

ஃபியூஸ் 15 ஆம்பியர், பேட்டரிலருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். லைட்டுக்குப் பக்கத்துல கொண்டுபோய் ஃபியூஸ் வைக்கிறாங்க, அது பிரயோஜனமே இல்ல, நடுவழியில எங்கயாவது வயர் தேஞ்சு பாடியில பட்டா பேட்டரிலருந்து அந்த இடம் வரைக்கும் தடுக்க ஆளே இல்ல, மொத்தமும் பத்திக்கும். ஃபியூஸ் காப்பாத்தறது லைட்டை இல்ல, வயரை. அதனால அடிக்கடி போகுதுன்னு 30 ஆம்பியர் போட்டுடாதீங்க, ஏன் போகுதுன்னு தேடுங்க. எல்இடி ஜோடி மொத்தம் 40 வாட்ஸ்தான்னா 3, 4 ஆம்பியர்தான் இழுக்கும், அதுக்கு 7.5 ஃபியூஸ் போதும்.

வயர் 2.5 ஸ்கொயர் எம்எம், ஆட்டோ வயர்னு கேட்டு வாங்குங்க. வீட்டு வயரிங்ல மிச்சம் இருக்குன்னு எடுத்துடாதீங்க, இன்ஜின் சூட்டுலயும் ஆயில்லயும் அதோட உறை இறுகி வெடிச்சிடும். மெலிசு வயர் போட்டா என்ன நஷ்டம்னு கேட்டா, 1 ஸ்கொயர் எம்எம் வயர் 4 மீட்டர் இழுத்தா 9 ஆம்பியர்ல கிட்டத்தட்ட 0.6 வோல்ட் வழியிலயே போயிடும், 2.5ல அது கால் வோல்ட்தான். அரை வோல்ட்டுதானேன்னு நினைக்காதீங்க, ஹாலஜனுக்கு வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் போயிடும். லைட்டு மங்கலா இருக்கு, 100 வாட்ஸ் பல்பு மாத்தலாமான்னு கேட்டு வர்றவங்களுக்கு பாதி நேரம் வயரையும் எர்த்தையும் சரி பண்ணிக் கொடுத்தாலே தீந்துடும்.

எர்த்தைப் பத்தி தனியா சொல்லணும். பம்பர் போல்ட்டுல சுத்திவிட்டுட்டுப் போயிடுவாங்க, ஒரே மழையில துரு பிடிச்சு லைட்டு கண்ணடிக்க ஆரம்பிச்சிடும். சேஸிஸ்ல ஒரு இடத்துல பெயிண்ட்டைச் சுரண்டி, ரிங் லக் (வயர் முனையில மாட்டுற வளையம்) போட்டு இறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. ரெண்டு லைட்டுக்கும் தனித்தனி எர்த் கொடுங்க.

ஸ்விட்சுக்கு கரண்டை பார்க்கிங் லைட் லைன்லருந்து எடுங்க. பார்க்கிங் லைட்டை அணைச்சா ஃபாக் லைட்டும் அணைஞ்சிடும், தோட்டத்துல நிறுத்திட்டு மறந்து தூங்கப்போய் காலையில பேட்டரி செத்துக் கிடக்குற கதை வராது. ஆனா புது வண்டின்னா அந்த வயரை வெட்டி ஜாயிண்ட் போடாதீங்க, இப்ப வர்ற வண்டியில லைட்டையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பாக்ஸ் கண்காணிக்குது, நடுவுல வெட்டுனா வார்னிங் விளக்கு எரியும், வாரண்டியும் கேள்விக்குறி. ஃபியூஸ் பாக்ஸ்ல சொருகுற ஆட்-ஏ-ஃபியூஸ்னு ஒண்ணு கிடைக்குது, எதையும் வெட்டாம அதுலருந்து ஸ்விட்சுக்கு லைன் எடுத்துக்கலாம். அதுக்கும் முன்னாடி ஷோரூம்ல ஒரு வார்த்தை கேளுங்க, கீழ் வேரியண்ட் வண்டியில கூட சிலதுல ஃபாக் லைட் சாக்கெட் உள்ளயே சுருட்டி வச்சிருப்பாங்க, கம்பெனி கிட் வாங்கி மாட்டுனா வேலை முடிஞ்சுது.

வயர் போற பாதையில சைலன்சர் மேனிஃபோல்டு, டர்போ, ரேடியேட்டர் ஃபேன் மூணையும் விட்டு விலகிப் போங்க. மேல நெளி ஸ்லீவ் போடுங்க, கேபினுக்குள்ள நுழையற ஓட்டையில ரப்பர் வளையம் (கிராமெட்) வைங்க, தகட்டு விளிம்பு வயரை மெல்ல மெல்ல அறுத்துடும். ஜாயிண்டை முறுக்கி டேப் சுத்தாதீங்க, கிரிம்ப் பண்ணி (இடுக்கியால நசுக்கி இணைச்சு) சூட்டுல சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்க, மலை ஈரத்துல டேப் பசை ஒரு வருஷம்கூட தாங்காது. வேலையை ஆரம்பிக்கிறப்ப பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு ஆரம்பிங்க, இதை நான் சொல்லவே வேணாம், இருந்தாலும் சொல்றேன்.

ஏற்காட்டுலருந்து ஒரு வாசகர்: என் பொலேரோவுல முன்னாடி ஸ்டீல் புல் பார் இருக்கு, அதுமேல நாலு லைட் மாட்டலாமா? போலீஸ் பிடிப்பாங்களா?

பிடிப்பாங்க அய்யா, பிடிக்கிறதும் நியாயம்தான். 2017 டிசம்பர்லயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பாரைக் கழட்ட நடவடிக்கை எடுக்கச் சொல்லி எல்லா மாநிலத்துக்கும் எழுதிடுச்சு, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல அது அனுமதி இல்லாத மாற்றம். நடந்து போறவங்க மேல பட்டா அந்த இரும்பு எலும்பை நொறுக்கிடும், ஏர்பேக் வண்டின்னா மோதுற வேகம் சென்சாருக்குப் போற விதமே மாறிடும். ஏற்காடு ரோட்டுல ஸ்கூல் பிள்ளைங்க நடந்து போறாங்க, கழட்டிடுங்க.

லைட்டு விஷயத்துல 1989 மத்திய மோட்டார் வாகன விதி 106 என்ன சொல்லுதுன்னா, முன்னாடி எரியற விளக்கு எதுவா இருந்தாலும் வெளிச்சம் கீழ் பார்த்து இருக்கணும், 8 மீட்டர் தூரத்துல 1.5 மீட்டர் உயரத்துல கண்ணு இருக்குற ஒரு ஆளுக்கு கூசக்கூடாது. 1.5 மீட்டர்ங்கறது எதிர்ல பைக்ல வர்ற ஒருத்தரோட கண்ணு இருக்குற உயரம், அவ்வளவுதான். ஸ்பாட் லைட்டுக்கு விதி 111ல தனியா தடையே இருக்கு. அதனால நாலு வேணாம், ஒரு ஜோடி, பம்பர்லயே. ஐரோப்பிய விதிப்படி காருக்கு தரையிலருந்து 25 செ.மீ.க்கு கீழயும் போகக்கூடாது, 80 செ.மீ.க்கு மேலயும் போகக்கூடாது, ரெண்டு ஓரத்துலருந்தும் 40 செ.மீ.க்குள்ள இருக்கணும், ஹெட்லைட்டை விட உசரமா இருக்கவே கூடாது. இந்தக் கணக்கை வச்சு மாட்டுங்க, பாறையில ஏத்தி இறக்குற வண்டின்னா 25ல வைக்காம ஒரு 50, 60 செ.மீ.ல வைங்க, இல்லன்னா மொத கல்லுலயே கண்ணாடி போயிடும்.

கோத்தகிரியிலருந்து ஒரு வாசகர்: லைட் மாட்டியாச்சு, ஆனா எதிர்ல வர்றவங்க எல்லாம் டிப் அடிச்சுக் காட்டுறாங்க. எப்படி செட் பண்றது?

டிப் அடிக்கிறாங்கன்னா கூசுதுன்னு அர்த்தம், இன்னிக்கு சாயங்காலமே சரி பண்ணிடுங்க.

சமதளமான இடமா ஒரு சுவரு பாருங்க, கோயில் மதிலோ குடோன் சுவரோ. டயர் காத்து சரியா அடிச்சு, வழக்கமா எவ்வளவு பாரம் ஏத்துவீங்களோ அதை ஏத்திட்டு, ஒரு ஆளை டிரைவர் சீட்டுல உக்கார வச்சு, சுவத்துலருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்க. தரையிலருந்து ஃபாக் லைட்டோட நடு மையம் எவ்வளவு உயரம்னு டேப்பால அளந்து அதே உயரத்துல சுவத்துல ஒரு கோடு, அதுக்கு 4 இன்ச் கீழ இன்னொரு கோடு. இருட்டு கட்டுற நேரத்துல லைட்டைப் போட்டா வெளிச்சத்தோட மேல் விளிம்பு கீழ்க்கோட்டுல வந்து நிக்கணும், அதுக்கு மேல ஏறக்கூடாது. ஒரு லைட்டை துணியால மூடிக்கிட்டு இன்னொண்ணைப் பாருங்க, ரெண்டும் சேர்ந்து எரிஞ்சா எது எங்கன்னு குழப்பும். பக்கவாட்டுல ரெண்டும் நேரா முன்னாடி பார்த்தா போதும், வெளிய திருப்ப வேண்டாம், விரிக்கிற வேலையை கண்ணாடியே பார்த்துக்கும்.

பெரிய டயர் போட்டாலோ சஸ்பென்ஷனைத் தூக்குனாலோ மறுபடியும் இதே வேலையை செய்யணும். போல்ட்டுல லாக் நட் போட்டு இறுக்குங்க. எவ்வளவு இறக்கியும் மேல்கோடே கிடைக்கலன்னா உங்ககிட்ட இருக்குறது ஃபாக் லைட் இல்ல, மாத்திடுங்க.

கூடலூர்லருந்து ஒரு வாசகர்: ஓடை தாண்டுனப்புறம் ஜிம்னியோட ஃபாக் லைட் கண்ணாடிக்குள்ள தண்ணி கோத்துக்குது. லைட்டு போச்சா?

மெலிசா ஆவி படிஞ்சு லைட்டைப் போட்டதும் காய்ஞ்சிடுதுன்னா பயமில்ல. சொட்டா ஓடுதுன்னா சீல் போச்சு. காரணம் என்னன்னா, எரிஞ்சு சூடா இருக்குற லைட்டை ஜில்லுன்னு ஓடைத் தண்ணியில இறக்குனா உள்ள இருக்குற காத்து சட்டுன்னு சுருங்கும், அப்ப வென்ட்ங்கற சின்னக் காத்துத் துளை வழியா தண்ணியை உறிஞ்சிடும். ஓடைக்கு முன்னாடி வண்டியை நிறுத்தி லைட்டை அணைச்சுட்டு ஒரு அஞ்சு பத்து நிமிஷம் ஆறவிட்டு இறங்குங்க. ஹாலஜன்னா கண்ணாடியே வெடிக்கும்.

ஊட்டியிலருந்து ஒரு வாசகி: ஃபாக் லைட்டை தினமும் ராத்திரி போட்டே ஓட்டலாமா? அழகா இருக்கு.

வேண்டாம்மா. மிஸ்ட், கொட்டுற மழை, புழுதி, இதுக்கு மட்டும். தெளிவான ராத்திரியில போட்டா முன்னாடி பத்து மீட்டர் ரொம்ப வெளிச்சமாயிடும், கண்ணு அதுக்குப் பழகிக்கிட்டு தூரத்து இருட்டைப் பாக்காது. அங்கதான் காட்டெருமை நிக்கும்.

வால்பாறையிலருந்து ஒரு வாசகர்: என் மகன் மிஸ்ட்ல நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டே ஓட்டுறான், பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியட்டும்கறான். இது சரியா?

அய்யா, உங்க மகனோட நோக்கம் நல்லது, பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்கறது சரியான கவலை. வழிதான் தப்பு. நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுற அந்த ஹசார்டு லைட் எரிஞ்சா எந்தப் பக்கம் திரும்பறான்னு பின்னாடி வர்றவனுக்கு தெரியாது, எஸ்டேட் பிரிவு ரோடு நிறைய இருக்குற உங்க ஊர்ல அது ஆபத்து. அதோட நிக்கிற வண்டியா ஓடுற வண்டியான்னு பின்னாடி வர்றவனுக்குப் புரியாது, நிக்குதுன்னு நினைச்சு வலது பக்கமா ஏறி முந்தப் பார்ப்பான், வளைவுல எதிர்ல பஸ் வரும்.

பின்னாடி ஒரு சிவப்பு ஃபாக் லைட் மாட்டிக் கொடுங்க. டெயில் லைட்டை விட பல மடங்கு பளிச்சுன்னு எரியும், மிஸ்ட்ல கொஞ்சம் முன்னாடியே கண்ணுல படும். ஒண்ணே போதும், மாட்டுறப்ப வலது பக்கம் டிரைவர் ஓரமா, பிரேக் லைட்டுலருந்து ஒரு சாணுக்குக் குறையாம தள்ளி மாட்டுங்க, ரொம்ப நெருக்கமா இருந்தா பிரேக் அடிச்சது தெரியாது. அதுக்கும் தனி ஸ்விட்ச், தனி ஃபியூஸ், மிஸ்ட் விலகுனதும் அணைக்கணும், இல்லன்னா பின்னாடி வர்றவனுக்கு அதுவே கூச்சம். இருக்குற டெயில் லைட்டு கண்ணாடி மேல சேறு படிஞ்சிருக்கான்னும் பாருங்க, தேயிலைத் தோட்டத்து ரோட்டுல ஒரு நாள் ஓடுனாலே மூடிடும், கிளம்பறதுக்கு முன்னாடி ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்க. முன்னாடி ரோடே தெரியாத அளவுக்கு மிஸ்ட் கட்டிடுச்சுன்னா ரோட்டை விட்டு நல்லா இறங்கி, டீக்கடை வாசலோ ஃபேக்டரி கேட்டோ பார்த்து நிறுத்தி, அப்ப போடட்டும் அந்த ஹசார்டு லைட்டை.